நீர் மாத்திரை

இங்கன ஆள் வருதா தாயி? வரலையா? அப்ப நான் உக்காந்துக்கிறேன். அந்த ஐசியூ கதவுக்கு நேரா இருந்தாத்தான் எனக்கு மனசு அடங்குது. கண்ணாடி வழியா உள்ள ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் பாத்துக்கிட்டே கெடக்கேன்.

உள்ள யாரு உனக்கு? அம்மாவா? சரியாயிரும் தாயி. நீ அழுகாத. நீ அழுதா நானும் அழுதுருவேன், காலையில இருந்து புடிச்சு வச்சிருக்கேன்.

எனக்கு எங்க வீட்டுக்காரவுக. நாலாம் நம்பர் பெட்டு. இன்னைக்கு விடியக் கொண்டாந்தோம், திருப்புவனத்துல இருந்து. அஞ்சு மணிக்கு ஒரு ஆளை உள்ள விடுவாகளாம். நான்தான் போவேன்னு மககிட்ட சொல்லிட்டேன். அவ கீழ மருந்து வாங்கப் போயிருக்கா. நாகஜோதின்னு பேரு, கோயமுத்தூர்ல வேலை. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம் தாயி. மருதாணி வைக்க வேண்டிய கையில மருந்துச் சீட்டை வச்சுக்கிட்டு ஓடுது எம்பிள்ளை.

இது நோவே இல்ல. நான் சொல்றேன் கேளு. இது கண்ணு. எங்க ஓரகத்தி பஞ்சவர்ணம்னு ஒருத்தி இருக்கா, எங்க மூத்தார் சம்சாரம். அவ கண்ணு. கல்யாணப் பத்திரிகை வைக்க அவ வீட்டுக்குப் போனோம்ல, வாசல்லயே நின்னு எங்க வீட்டுக்காரவுக மொகத்தைப் பாத்துட்டு என்ன சொன்னாங்குற? "என்ன கொழுந்தனாரே, மொகமெல்லாம் தளதளன்னு ரொம்பிப் போச்சு, மாப்பிள்ளையே நீங்கதான் போலருக்கே!" அப்படின்னா. வீட்டுக்கு வந்து உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். நெடியே வரலை தாயி. துளி நெடி வரலை. அம்புட்டுக் கண்ணு!

உள்ள பாக்குற சின்ன டாக்டரு தம்பிகிட்ட இதைச் சொன்னா சிரிக்கும். அதனால சொல்லலை.

எங்க வீட்டுக்காரவுக ஈபியில லைன்மேனு. ரிட்டயர் ஆயிட்டாக. பேய்மழையில ஊரே இருட்டிக் கெடக்கையில கம்பத்துல ஏறி நிப்பாக. நான் கீழ நின்னு கத்துவேன், எறங்கி வாங்கன்னு. அந்த மனுஷனுக்குத்தான் போன வருசம் ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். பெரிய டாக்டரு பாத்துட்டு, இருதயம் ரத்தத்தை இறைக்கிற தெம்பு கொறஞ்சு போச்சும்மா, பிரசரும் கூடுதலா இருக்குன்னாரு. காலையில ஒரு கை மாத்திரை, சாயங்காலம் ஒரு கை மாத்திரை. உப்பைக் கொறைக்கணும். தண்ணி ஒரு லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாது. தெனமும் காலையில மிஷின்ல ஏறி எடை பாக்கணும். எம்பிள்ளை எடை மிஷின் வாங்கிக் குடுத்துட்டுப் போனா.

பொய் சொல்லலை தாயி, ஒழுங்காத்தான் குடுத்தேன். என் கையில வச்சு நீட்டுனா, என்ன ஏதுன்னு கேக்காம வாங்கி வாயில போட்டுக்கிட்டு தண்ணி குடிச்சிருவாக. எந்த மாத்திரை எதுக்குன்னு அவுகளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். மஞ்சளா சின்னதா இருக்கே, அது பிரசருக்கு. நீட்டமா இருக்கிறது இருதயத்துக்கு. வெள்ளையா வட்டமா ஒண்ணு இருக்கு பாரு, அது ஒண்ணுக்குப் போறதுக்கு. நீர் மாத்திரைன்னு டாக்டரு சொல்லுவாரு.

அந்த மாத்திரை இருக்கே, அது மாத்திரையே இல்ல தாயி. போட்ட அரை மணி நேரத்துல ஆளை எழுப்பும், உக்கார விடாது. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல, போய்க்கிட்டே இருக்கணும். வீட்ல இருந்தா பரவால்ல. பத்திரிகை வைக்கப் போறப்ப என்ன செய்யுறது?

நீயும் எங்க பக்கந்தானே, உனக்குத் தெரியாதா? பத்திரிகையைத் தபால்லயா அனுப்ப முடியும்? புருசனும் பொஞ்சாதியும் சோடியாப் போகணும். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் வச்சு, குங்குமம் குடுத்து, "மகளுக்குக் கல்யாணம், குடும்பத்தோட முந்தி வந்து நடத்திக் குடுக்கணும்"னு வாயால கூப்பிடணும். ஒரு வீட்டை விட்டா மூணு தலைமுறைக்குப் பேசுவாக. நான் மட்டும் போனா என்ன சொல்லுவாக? "அவரு எங்க? படுத்துட்டாராமே? பொண்ணுக்கு அப்பன் தேறமாட்டாராமே?" பஞ்சவர்ணம் ஒருத்தி போதாதா, அதை மேலூர்ல சம்பந்தி வீடு வரைக்கும் கொண்டு சேக்க!

மொத நாளு மேலூருக்குத்தான் போனோம், மாப்பிள்ளையோட பெரியப்பா வீட்டுக்கு. காலையில எல்லா மாத்திரையும் போட்டுத்தான் கெளம்புனாக. பஸ்ஸு மாட்டுத்தாவணி தாண்டலை, நெளியுறாக. கண்டக்டர்கிட்டக் கெஞ்சி ஒரு எடத்துல எறங்கிட்டு வந்தாக. பஸ்ஸே பாத்துச்சு. கொஞ்ச தூரம் போகவும் மறுபடியும் என் கையைப் புடிக்கிறாக. நான் எந்திரிச்சு கண்டக்டரைக் கூப்பிடப் போனேன். "வேணாம், உக்காரு. மானம் போகுது"ன்னுட்டாக. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாக தாயி.

அந்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டக் குனிஞ்சாக. அம்புட்டுத்தான். பட்டுக்கரை போட்ட வெள்ளை வேட்டி. நான் பாத்துட்டேன். உள்ள இருந்து சம்பந்திமாரு எல்லாம் "வாங்க வாங்க"ன்னு வாராக. அவுக அப்படியே நிக்கிறாக, ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்கிட்டு, தாம்பாளத்தை எறக்கி முன்னால மறைச்சுக்கிட்டு. குடிக்கச் சொம்புல தண்ணி கொண்டாந்தாக. நான் வாங்குற மாதிரி வாங்கி, கை தவறுன மாதிரி அம்புட்டுத் தண்ணியையும் அவுக இடுப்புல கொட்டிட்டேன். "அய்யய்யோ, என் புத்தியைப் பாரு"ன்னு நானே தலையில அடிச்சுக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாக. ஒருத்தருக்கும் தெரியலை.

அவுகளுக்குத் தெரியும்ல? வர்ற பஸ்ஸுல ஜன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தாக. தோளு குலுங்குது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவுக அழுது நான் பாத்ததில்ல தாயி, அவுக ஆத்தா செத்தன்னைக்குக் கூட. "இனி நான் எங்கயும் வரலை. நீ போ. எனக்கு ஒடம்பு முடியலைன்னு சொல்லிரு"ன்னாக.

எனக்கு ஈரக்குலையே அறுந்து போச்சு. கம்பத்துல நின்ன மனுஷன். ஒரு மாத்திரை அந்த மனுஷனைப் பச்சப்பிள்ளை மாதிரி ஆக்கிப்புடுச்சேன்னு அந்த மாத்திரை மேல எனக்கு அப்படி ஆத்திரம்.

மறுநாள்ல இருந்து அதை மட்டும் எடுத்துட்டேன்.

என்ன அப்படிப் பாக்குற? நான் என்ன பிரசர் மாத்திரையையா நிப்பாட்டுனேன்? இருதய மாத்திரையையா நிப்பாட்டுனேன்? அது ரெண்டையும் ஒரு வேளை கூட விடலை, அந்தப் பிள்ளையாரு மேல சத்தியம். ஒண்ணுக்குப் போற மாத்திரை ஒண்ணைத்தானே எடுத்தேன்? ஒண்ணுக்குப் போறதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு. பத்திரிகை வச்சு முடியுற வரைக்குந்தான், பெறகு குடுத்துக்கலாம்னு இருந்தேன். அவுககிட்டச் சொல்லலை. சொன்னா யோசிப்பாக. கையில நீட்டுனேன், எண்ணியா பாத்தாக? வாங்கிப் போட்டுக்கிட்டாக.

மறுநாள் மானாமதுரைக்குப் போனோம் பாரு, மகராசன் மாதிரி உக்காந்து வந்தாக! ஒரு தடவை கூட எறங்கலை. எல்லா வீட்லயும் நிதானமா உக்காந்து பேசுனாக. சிரிச்சாக. "இன்னைக்கு எனக்கு ஒரு தொந்தரவும் இல்லடி, சாமி கண்ணைத் தொறந்துருச்சு"ன்னாக. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். எந்தச் சாமின்னு எனக்குத்தானே தெரியும்.

எம்பிள்ளை கெட்டிக்காரி. ராத்திரி ஆனா வீடியோ கால்ல வருவா. "அப்பா மாத்திரை போட்டாராம்மா, அட்டையைக் காட்டு"ம்பா. டீச்சரு பரீட்சைப் பேப்பரைப் பாக்குற மாதிரி பாப்பா. அதனால தெனமும் அந்த வெள்ளை மாத்திரையையும் அட்டையில இருந்து பிதுக்கி எடுத்துருவேன். காலி அட்டையைக் காட்டுவேன். "குட் மம்மி"ம்பா. எடுத்த மாத்திரையைக் கீழ போட மனசு வருமா தாயி? மருந்தாச்சே, ஒரு உசிரு சம்பந்தப்பட்டதுல்ல. பத்திரிகைப் பையில இருக்கிற குங்குமச் சிமிழுக்குள்ள போட்டு வச்சுட்டேன். அது எப்பவும் என் மடியிலயே இருக்கும்.

அவுகளுக்கு ஒடம்பு அப்படித் தேறுச்சு! மிஷின்ல ஏத்துனா எடை கூடுது. மெலிஞ்சு எலும்பும் தோலுமா இருந்த மனுஷனுக்கு எடை கூடுனா சந்தோசப்பட மாட்டோமா? மக கேட்டா, "எல்லாம் நல்லாருக்குடி, நீ கல்யாண வேலையைப் பாரு"ம்பேன். நல்லாத்தானே இருந்துச்சு. ஒவ்வொரு வீட்லயும் காப்பி, கலரு, வடை, மிச்சரு. வேணாம்னு எந்திரிச்சு வர முடியுமா? ஒரு வாய் தண்ணி குடிக்காம வந்தா அந்த வீட்டுக்காரவுக மனசு சங்கடப்படும்ல. டாக்டரு சொன்ன ஒரு லிட்டரு கணக்கெல்லாம் வீட்டுக்குள்ளதான், விருந்தாடிப் போன எடத்துல செல்லுமா?

கல்யாணத்துக்குன்னு புதுச் செருப்பு எடுத்தோம். போட்டுப் பாத்துத்தான் எடுத்தோம். ஒரு வாரத்துல காலு நொழைய மாட்டேங்குது. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான், நம்பர் மாத்திக் குடுத்துட்டான்னு நான் போய் சண்டை போட்டு வேற மாத்துனேன். அதுவும் பத்தலை. கணுக்கால்ல விரலை வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குது. அலைச்சல்ல வந்த வீக்கம்னு எண்ணெய் தேச்சு நீவி விட்டேன். வலிக்குதுன்னாக, மெடிக்கல்ல சொல்லி வலி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். கேட்டுச்சே, வலி கேட்டுச்சு. வீக்கந்தான் கேக்கலை.

அப்பத்தான் பஞ்சவர்ணம் வாயை வச்சா, மொகம் ரொம்பிப் போச்சுன்னு. அன்னைக்கு ராத்திரியில இருந்துதான் பாத்துக்க. படுத்தா மூச்சு முட்டுதுன்னாக. தலகாணி மேல தலகாணி வச்சேன். ஆகலை. செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குனாக. இருமல் வேற. மக பிரிஞ்சு போறாளேங்கிற ஏக்கம்னு நெனச்சேன். ஒத்தைப் பிள்ளைல்ல. நானே அவுக முதுகைத் தடவிக்கிட்டு, "ஏங்க, கோயமுத்தூர் என்ன அமெரிக்காவா"ன்னு தேத்துனேன். அவுக மூச்சுக்குத்தான் வாயைத் தொறந்தாக.

நேத்தோட பத்திரிகை வச்சு முடிஞ்சது தாயி. கடைசி வீடு. முடிச்சுட்டு வந்து, "உன் ஆசைப்படி எல்லா வீட்டுக்கும் வந்துட்டேன்ல?"ன்னு கேட்டாக. அதுதான் அவுக தெளிவாப் பேசுன கடைசிப் பேச்சு. இன்னைக்கு விடியக்காலம் கொர்ருன்னு ஒரு சத்தம். பாத்தா வாயில நொரை. கண்ணு ரெண்டும் என்னையே பாக்குது. என்னமோ கேக்குற மாதிரி.

அந்தச் சின்ன டாக்டரு வந்து கேக்குது. "மாத்திரை ஏதும் விட்டுப் போச்சாம்மா? வேற மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?" எம்பிள்ளை பக்கத்துலயே நிக்கிறா. கல்யாணத்துக்குன்னு ராத்திரி பஸ்ஸுல வந்தவ, நேரா இங்கன வந்துட்டா. நான் என்னத்தைச் சொல்ல? "ஒரு வேளை கூட விடலை தம்பி"ன்னேன். நாகஜோதியும் சொல்றா, "நான் டெய்லி அட்டையைப் பாத்தேன் டாக்டர், ஒண்ணு கூட மிஸ் ஆகலை"ன்னு. அதைக் கேட்டதும் டாக்டரு மொகம் மாறிப் போச்சு. இன்னொரு டாக்டரைப் பாத்து, "இம்புட்டு மருந்து சாப்பிட்டும் நுரையீரல்ல தண்ணி கோத்துருக்குன்னா, அந்த மருந்துக்கு ஒடம்பு கேக்கலை. இருதயம் ரொம்ப மோசமாயிருச்சு. இதை விடப் பெரிய மருந்துதான் போடணும், கிட்னி தாங்குமான்னு தெரியலை"ங்கிறாரு. எம்பிள்ளை செவத்தைப் புடிச்சுக்கிட்டா. "எல்லாம் ஒழுங்காத்தானே குடுத்தோம், ஏம்மா இப்படி ஆச்சு"ன்னு என்னைக் கேக்குறா.

பஞ்சவர்ணம்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

என்ன தாயி சொல்ற? சொல்லிரணுங்கிறியா? டாக்டர்கிட்டயா? எப்படித் தாயி சொல்லுவேன்? மேலூர் வாசல்ல நடந்ததையும் சேத்துல்ல சொல்லணும். எம்பிள்ளைக்குத் தெரியும், அவ மூலமா மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்த மனுஷன் எந்த மானத்துக்காக அன்னைக்குப் பஸ்ஸுல அழுதாகளோ, அதை நானே தூக்கி ஆஸ்பத்திரியில கொட்டவா? மாட்டேன். அவுக பொழச்சு வந்து என் மொகத்துல முழிக்கணும்ல.

ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்யுது. இல்லைங்கலை. அந்த மாத்திரை விட்டுப் போனது விட்டுப் போனதுதானே. அதுக்குத்தான் நான் ஒரு வழி பண்ணியிருக்கேன்.

கிட்ட வா, காட்டுறேன். சத்தம் போடாத, அந்த வாச்மேன் பாக்குறான். இந்தா பாரு, சிமிழு. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ஒண்ணு கூடக் கீழ விழலை. வெள்ளை மாத்திரை, குங்குமம் ஒட்டிச் சிவந்து போச்சு, அம்புட்டுத்தான். என் தாலிக்கு வைக்கிற குங்குமம், அது ஒண்ணும் பண்ணாது. உள்ள போனதும் அம்புட்டையும் மொத்தமாக் குடுத்துரப் போறேன். விட்டதெல்லாம் ஈடாயிரும்ல? எங்க அய்யனாரு கோயிலுக்கு மூணு வருசம் பொங்கல் வைக்க முடியாமப் போச்சு. நாலாம் வருசம் மூணு பானையும் சேத்து வச்சோம். சாமி ஏத்துக்கலையா? சாமியே ஏத்துக்கிறப்ப ஒடம்பு ஏத்துக்காதா?

மூக்குல வாயில என்னமோ மூடி மாட்டியிருக்காகளாம். லேசாத் தூக்குனாப் போதும். இந்தா, தண்ணி பாட்டிலும் வச்சிருக்கேன். தண்ணி தண்ணின்னு கேக்குறாகளாம், அந்த நர்ஸம்மா பஞ்சுல தொட்டு உதட்டை மட்டும் நனைக்குதாம். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத ஊரா இது? நான் குடுப்பேன். ஒரு பாட்டில் தண்ணி, அம்புட்டு மாத்திரையும். டாக்டரு அவரு பெரிய மருந்தைப் போடட்டும், நான் என் மருந்தைப் போடுறேன். ரெண்டும் சேந்தா கேக்காமயா போயிரும்? பெறகு யாருக்கும் நான் எதையும் சொல்ல வேண்டியதில்ல. அடுத்த வாரம் அதே பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கிட்டு மணவறையில நிப்பாக. நீயும் வரணும் தாயி. பையில ஒரு பத்திரிகை மிச்சம் இருக்கு, தாரேன்.

அந்த வாச்மேன் "நாலாம் நம்பர்"ங்கிறான். என்னையத்தான். நான் வாரேன்.

என்ன தாயி? ஏன் கையைப் புடிக்கிற? விடு. அட, சிமிழை விடு, கொட்டிரப் போகுது! ஏன் நர்ஸம்மாவைக் கூப்பிடுற? கத்தாத தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், எம்பிள்ளை படியேறி வந்துக்கிட்டு இருக்கா, அவ காதுல விழுந்துரும். என்னைய உள்ள விடு. அவுகளுக்கு நான் தப்பு செய்வேனா? உனக்கு எங்களைத் தெரியாது. வேணும்னா நீயே வந்து பாரு. மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தாலும், என் கையைப் பாத்தா வாயைத் தொறப்பாக. என்ன மாத்திரைன்னு கேக்க மாட்டாக தாயி. ஒரு நாளும் கேட்டதில்ல.